செருப்புக்கு முந்தைய நான்கு படங்கள்

கடைத்தெருவில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால், "யாரைக் கேக்கறீங்க?" என்பார்கள். எக்ஸ்ரே என்று கேட்டால் தவழ்கிற குழந்தைகூட வழி காட்டும். மருந்துக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைய முடியாத ஒரு ஸ்டூடியோ. முன்னால் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு முக்காலி, வெள்ளைத் திரை. பின்னால் அவருடைய மனைவி கண்ணாடி வெட்டிப் படங்களுக்குச் சட்டம் போடுகிற மேசை.

எக்ஸ்ரே என்ற பெயர் சும்மா வரவில்லை. ஒருவர் கைகுலுக்க வந்தால் அவருடைய இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிற ஆள் அவர். தராசில் நிறுத்துக் கொடுத்தால் தராசையே ஒரு தரம் நிறுத்துக் காட்டச் சொல்வார். அவர் மனைவி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பது: "எங்க கல்யாண ஆல்பத்துல மனுஷன் ஒரு படத்துலகூட என்னைப் பாக்கலைங்க. லைட்டு பிடிக்கிறவன் ஒழுங்கா பிடிக்கிறானான்னு அவனையே முறைச்சுக்கிட்டு நிக்கிறாரு. பாக்கிறவங்க அவனைத்தான் கட்டிக்கிட்டாருன்னு நெனைப்பாங்க."

இந்தக் குணத்துக்குச் சோறு போட்டது இன்சூரன்ஸ் கம்பெனி. விபத்தில் நசுங்கிய கார், தண்ணீர் புகுந்த கிடங்கு, எரிந்த கடை, எதுவானாலும் முதலில் அவரைத்தான் அனுப்புவார்கள். கல் பட்டுக் கண்ணாடி உடைந்தது என்று ஒரு கார்க்காரர் தலையில் அடித்துக்கொண்டபோது எக்ஸ்ரே குனிந்து தரையைப் பார்த்தார். "வெளியில இருந்து கல்லு வந்தா சில்லு உள்ளதானே சார் கொட்டணும்? உங்க கார்ல இருக்கிற யாரோ கோவிச்சுக்கிட்டு உதைச்ச மாதிரில்ல இருக்கு?" என்றார். நூறு பெட்டிச் சரக்கு எரிந்ததாக அழுத ஒரு வியாபாரியின் சாம்பலைக் காலால் அளந்து, "நூறு பெட்டிக்கு ஒரு கூடைச் சாம்பல்தானா?" என்று கேட்டதில் அந்த அழுகை பாதியில் நின்றது.

அந்த வேலைக்கு மூன்று சட்டங்கள். முதலில் தூரத்திலிருந்து எடு, பிறகு கிட்டே போ. இரண்டாவது, எடுத்த எதையும் அழிக்காதே; கேமரா போடுகிற எண்கள் அறுபடாமல் வர வேண்டும். மூன்றாவதுதான் தலையாயது: எதையும் தொடாதே. விழுந்து கிடக்கிற ஒரு ஆணியைக்கூட நகர்த்தாதே. இருபது வருஷமாக எக்ஸ்ரே அந்தச் சட்டங்களை மீறியதில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

அந்த நாளைச் சொல்வதற்கு முன், அவருடைய சுவரைச் சொல்லியாக வேண்டும்.

கணினிக்கு மேலே மூன்று படங்கள். மூன்றும் பழைய பத்திரிகைகளிலிருந்து கிழித்தவை, மூன்றும் உலகம் சுற்றியவை. ஒன்றில் வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற ஒரு தபால்காரர் கடிதக் கட்டைத் தலைக்கு மேல் பிடித்திருக்கிறார். இன்னொன்றில், தோற்றுப்போன ஒரு குத்துச்சண்டைக்காரர் தன் கையுறையின் முடிச்சைப் பல்லால் அவிழ்க்கிறார். நடுவில், மற்ற இரண்டையும்விடப் பெரிதாக, சுரங்கவாசல்.

மழை பெய்து ஓய்ந்த காலை. சங்கிலி போட்டுப் பூட்டிய பெரிய இரும்புக் கேட். உள்ளே, மண்ணுக்கடியில், ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் உள்ளே வந்துவிடக் கூடாதென்று நிர்வாகம் கேட்டைப் பூட்டியிருக்கிறது. படத்தில் ஒரு மனித முகமும் இல்லை. கேட்டின் முன், சேற்றில், கயிறு அவிழ்ந்த ஒரு சின்னக் குழந்தையின் ஒற்றை ஷூ. அவ்வளவுதான். எந்த நாடு, எந்த வருஷம் என்பதெல்லாம் கிழிந்த ஓரத்தோடு போய்விட்டது.

பதினோரு வயதில், முடிவெட்டும் கடையில் முறைக்குக் காத்திருந்தபோது அவர் பார்த்த படம் அது. கடைக்காரர் தும்முகிற நேரம் பார்த்துக் கிழித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கேமரா பிடிக்க வேண்டும் என்ற ஆசை அந்தத் தும்மலில் பிறந்தது என்று சொல்வார். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர் அந்த ஒரு படத்தின் முன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒத்தை ஷூ," என்பார். "ஆயிரம் பேர் அழுதாலும் அது சொல்றதைச் சொல்ல முடியாது."

பக்தி எங்கே நுழைந்தாலும் முதலில் கண்ணைத்தான் கட்டும். அதற்குக் கோயில்தான் வேண்டும் என்பதில்லை. சுவரில் நாலு ஆணி போதும்.

தீ விபத்து நடந்தது சட்டை தைக்கிற தொழிற்சாலையில். மூன்றாம் மாடித் தையல் கூடம். நடுப்பகலில் பற்றியது. முன்படி வழியாக ஓடியவர்கள் பிழைத்தார்கள். பின்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். பதினோரு பெண்கள் அந்த இரும்புக் கதவின் உட்புறத்தில் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் ஜன்னலை உடைத்துத்தான் அவர்களை வெளியே எடுத்தார்கள்.

மேனேஜர் பத்திரிகைக்காரர்களிடம் விதி என்றார். அந்த விதிக்கு ஒரு சாவி இருந்தது. அது மேனேஜருடைய மேசை இழுப்பறையில் இருந்தது என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. தொழிலாளிகள் துணி திருடுவார்கள் என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம். அதனால் பின்கதவுக்கு வெளியே சங்கிலி. மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனைச் சந்தேகப்பட்டால் அது பூட்டாகிவிடுகிறது. கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனைச் சந்தேகப்பட்டால் மட்டும் ஆதாரம் கேட்கிறார்கள்.

மறுநாள் காலை எக்ஸ்ரேயை அனுப்பினார்கள். அவர் எடுக்க வேண்டியது எரிந்த இயந்திரங்களையும் துணிச் சுருள்களையும். செத்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. முப்பது படங்கள் எடுத்து முடித்தபின், யாரும் சொல்லாமலே, வெளிப்பக்க இரும்புப் படிகளில் ஏறிப் பின்கதவைப் பார்த்தார். இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே சங்கிலி. சங்கிலியில் பூட்டு. இரண்டு கதவுகளின் இடுக்கு வழியாகப் பீறிட்ட புகை வெளிப்புறமெல்லாம் கறுப்பாகப் படிந்திருந்தது.

நான்கு படங்கள் எடுத்தார். எண் முப்பத்தொன்றிலிருந்து முப்பத்துநான்கு வரை. கேமராவின் சின்னத் திரையில் பார்த்தார். கதவு இருந்தது, பூட்டு இருந்தது. ஆனால் படம் செத்துக் கிடந்தது. இதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஒரு கிடங்கின் கதவு என்று பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார்கள்.

கால்கள் தானாகப் படியிறங்கின. முன்வாசல் முற்றத்தில், தண்ணீர்க் குழாயடியில், ஓடியவர்கள் விட்டுப்போன செருப்புகள் சிதறிக் கிடந்தன. அவற்றில் ஒன்றை எடுத்தார். சின்னப் பாதம், அறுந்த வாரை நீல நூலால் தைத்திருந்தது. அதைக் கொண்டுபோய்ப் பூட்டிய கதவின் முன், கொஞ்சம் சாய்வாக, வைத்தார். எப்படிச் சாய்க்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. நாற்பது வருஷமாகச் சுவரில் பார்த்த சாய்வு அது.

முப்பத்தைந்து, முப்பத்தாறு.

கீழேயிருந்து வாட்ச்மேன் கூப்பிட்டார். "சார், ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணுமாம். மேனேஜர் உடனே வரச் சொல்றாரு." போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால், சங்கிலியும் இல்லை, பூட்டும் இல்லை. செருப்பை யாரோ காலால் ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். எக்ஸ்ரேக்குக் காது மடல் சூடேறியது. வெறுங்கதவை ஒரு படம் எடுத்தார். முப்பத்தேழு. நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் முப்பத்தைந்தாம் படத்தை மட்டும் கொடுத்தார். மறுநாள் அந்தக் கதவையே நிலையோடு கழற்றிவிட்டார்கள், பழுது பார்க்கிறார்களாம்.

முதல் பக்கத்தில், அரைப் பக்கத்துக்கு, அந்தப் படம் வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். கவிதை எழுதினார்கள். ஒரு அமைப்பு எக்ஸ்ரேக்கு விருது கொடுத்தது. தொழிற்சாலை நிர்வாகமும் மனம் இளகி, ஒரு கூட்டம் போட்டு, பிழைத்த தொழிலாளிகள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி புதுச் செருப்புக் கொடுத்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. இனிமேல் கதவைத் திறந்து வைக்கிறோம் என்று அந்த மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. எல்லாரும் செருப்பைப் பார்த்தார்கள். பூட்டைப் பார்த்தவர் யாருமில்லை.

விசாரணை ஆரம்பித்ததும் மேனேஜர் சுருதி மாறியது. கதவு சும்மா சாத்தித்தான் இருந்ததாம். படத்துக்காக யாரோ கொண்டுவந்து மாட்டிய சங்கிலியாம். பூட்டு கிடைக்கவில்லை, கதவும் கிடைக்கவில்லை. இறந்தவர்கள் பக்கம் வாதாடிய வக்கீலம்மா எக்ஸ்ரேக்கு ஃபோன் செய்தார்.

"சார், அந்தக் கதவை வேற ஏதாவது எடுத்திருக்கீங்களா? முன்னாடி பின்னாடி, மங்கலா இருந்தாக்கூடப் பரவாயில்லை."

"இல்லைங்க. அது ஒண்ணுதான்," என்றார் எக்ஸ்ரே.

முதல் நான்கு படங்களைக் கொடுத்தால் அவற்றில் செருப்பு இல்லை என்பது தெரிந்துவிடும். இன்சூரன்ஸ் கம்பெனியிலும் அந்த ஏழு எண்களும் கேமராவைச் சோதித்துப் பார்த்தவை என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார். பூட்டுக்குச் சாட்சி இருந்தது. அதை அவரே தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்.

எக்ஸ்ரேயைச் சாட்சி சொல்ல அழைத்திருந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பெண் ஸ்டூடியோவுக்குள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவள் என்று நினைத்து எக்ஸ்ரே முக்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"நான் அந்தக் கம்பெனியில காலர் தைக்கிறவ," என்றாள். "என் தங்கச்சி பட்டன் வைக்கிறவ. பின்பக்கம் உக்காந்திருந்தா."

பின்பக்கம் என்ற சொல்லுக்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்ரே எழுந்து நின்றார். பின்னால் கண்ணாடி வெட்டுகிற சத்தம் நின்றது.

அவள் பையிலிருந்து அந்தப் பத்திரிகைத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். "இந்தச் செருப்பு யாரோடதுன்னு தெரியுமா சார்?"

"இறந்தவங்கள்ல யாரோ ஒருத்தங்களோடது…"

"நான் செத்துட்டேனா?"

எக்ஸ்ரே குனிந்து படத்தைப் பார்த்தார்.

"வாரு அறுந்து நான்தான் தைச்சேன். இரட்டைத் தையல், பாருங்க. காலருக்குப் போடுறது. கம்பெனி நூல்தான், அந்த மட்டும் நான் திருடிதான், எழுதிக்குங்க. முன்படியில இறங்கி ஓடி, குழாயடியில இது கழண்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல. இப்பச் சொல்லுங்க. குழாயடியில விழுந்த செருப்பு மூணு மாடி ஏறிப் பின்கதவுக்கு எப்படிப் போச்சு?"

"அதும்மா… கூட்டத்துல யாராவது…"

"காதுல பூ சுத்தாதீங்க சார். நான் சட்டை தைக்கிறவதான், சட்டை மாட்டி வைக்கிற பொம்மை இல்ல." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "உங்களை அனுப்பினது இன்சூரன்ஸ் கம்பெனி. மேனேஜர் ஆஃபீஸ்ல நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்ததைப் பாத்த ஆளு இருக்கு. படத்துல ஒரு பொய்யை வச்சுட்டா, நாளைக்கு மொத்தமும் பொய்னு தள்ளிடலாம். அப்படி யாராவது உங்ககிட்டச் சொன்னாங்களா?"

வாழ்நாளெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்ட மனிதரை முதல் தடவையாக ஒருவர் நேருக்கு நேர் சந்தேகப்பட்டார். அதுவும் முறையான சந்தேகம். அவராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.

"யாரும் சொல்லலைம்மா," என்றார்.

"விசாரணையில வந்து என்ன சொல்லப் போறீங்க?"

"பாக்கலாம்."

"பாக்கலாமா," என்று அவள் தாளை மடித்தாள். "என்கிட்டயும் கேப்பாங்க, இது யார் செருப்புன்னு. என் தங்கச்சியோடதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க மானம் தப்பிச்சுடும். அந்தப் பொய்யை நான் சொல்லணுமா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஏன்னா எனக்குப் பூட்டு வேணும் சார். செருப்பு வேண்டாம்."

அவள் போனபின் மனைவி கையில் கண்ணாடி வெட்டும் கத்தியோடு முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, அந்தச் செருப்பை நீங்களா வச்சீங்க?"

"ஆமா."

"மத்த படமெல்லாம்?"

"இருக்கு."

"இருக்கா!" அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். "ஊர்ல ஒருத்தன் முன்பல்லு ரெண்டும் பொய்ப்பல்லுன்னு கண்டுபிடிச்சுட்டு வந்து ஒரு வாரம் பெருமையடிச்ச ஆளு நீங்க. ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

எக்ஸ்ரே சுவரைக் காட்டினார்.

அவள் எழுந்து சுரங்கவாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எத்தனையோ முறை தூசி தட்டிய படம்தான். "இந்த ஷூ மட்டும் தானா வந்து விழுந்துச்சாக்கும்," என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணாடி வெட்டப் போய்விட்டாள்.

எக்ஸ்ரேக்கு அது முள்ளாகத் தைத்தது. சுவரிலிருந்து படத்தை இறக்கினார். இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். எத்தனை நொறுங்கிய கார்களை அதனால் பார்த்திருப்பார். இந்தப் படத்தின்மேல் அதை ஒரு தரமும் வைத்ததில்லை.

மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. கேட்டின் ஒவ்வொரு கம்பியின் அடியிலும் ஒரு துளி தொங்குகிறது. சங்கிலி பளபளக்கிறது. சேறு பளபளக்கிறது. ஷூ மட்டும் பளபளக்கவில்லை. தோலில் ஒரு துளி இல்லை. அவிழ்ந்த கயிறு பஞ்சுபோலப் பொசுபொசுவென்று இருந்தது. நனைந்த கயிறு அப்படி இருக்காது. ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி, ஈரச் சேற்றில், வளர்ந்த ஆளின் பூட்ஸ் தடம். வந்து, நின்று, குனிந்து, திரும்பிப் போன தடம்.

மழைக்குப் பிறகு யாரோ கொண்டுவந்து வைத்த ஷூ.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது, முதலில் அந்த முகம் தெரியாத படக்காரர்மேல், பிறகு தன்மேல். கணினியில் முப்பத்தைந்தாம் படத்தைத் திறந்து பெரிதாக்கினார். கரி படிந்த தரையில், செருப்புக்குப் பக்கத்தில், அவருடைய காலணித் தடம் அச்சுக் குத்தியதுபோல் இருந்தது. விருது கொடுத்தவர்களும் பார்க்கவில்லை, அழுதவர்களும் பார்க்கவில்லை. முப்பத்தொன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். முப்பத்தேழுக்கு வந்ததும் கை அப்படியே நின்றது. வெறுங்கதவு, ஒன்றுக்கும் உதவாது என்று அவர் அன்றிலிருந்து திறந்தே பார்க்காத படம்.

"இங்க கொஞ்சம் வா," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

விசாரணை ஒரு பழைய அலுவலகத்தின் மாடியறையில் நடந்தது. நீள மேசை, பச்சை விரிப்பு, சுற்றும்போது டக் டக்கென்று அடிக்கிற மின்விசிறி. மேசையின் தலைமாட்டில் விசாரணை அதிகாரி, ஓய்வுபெற்ற நீதிபதி. ஒரு பக்கம் வக்கீலம்மா, அவருக்குப் பின்னால் இறந்தவர்களின் வீட்டார். காலர் தைக்கிறவள் முதல் நாற்காலியில், எக்ஸ்ரேயை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த தொழிற்சாலைக் கம்பெனி வக்கீல் தேன் தடவிக்கொண்டு ஆரம்பித்தார். "உலகமே பாராட்டின கலைஞர் சார் நீங்க. உங்க முன்னாடி நிக்கிறதே எனக்குப் பெருமை."

"நீங்க உக்காந்துதான் இருக்கீங்க," என்றார் எக்ஸ்ரே.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வக்கீல் ஒரு கோப்பைத் திறந்தார். "இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்க குடுத்த படங்கள்ல எண் முப்பத்தொண்ணு முதல் முப்பத்தேழு வரைக்கும் இல்லை. கேமராவைச் சோதிச்சதுன்னு எழுதியிருக்கீங்க. ஆனா பத்திரிகையில வந்தது முப்பத்தஞ்சாம் எண். மத்த ஆறும் எங்க சார்?"

வக்கீலம்மா சட்டென்று நிமிர்ந்து எக்ஸ்ரேயைப் பார்த்தார். ஒன்றுதான் இருக்கிறது என்று ஃபோனில் கேட்டது அவர் காதில் இன்னும் இருந்திருக்க வேண்டும்.

"சரி, அதை விடுங்க," என்று வக்கீல் முன்னால் குனிந்தார். "நீங்க போனப்ப அந்தச் செருப்பு அங்கதான் இருந்துச்சா?"

மின்விசிறி நாலைந்து முறை அடித்தது. எக்ஸ்ரே காலர்க்காரியைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கத் தயாராக இருந்தாள் என்பதும், எதைச் சொல்ல என்று அவளுக்கே தெரியவில்லை என்பதும் அந்த முகத்தில் தெரிந்தது.

"இல்லை சார். நான்தான் வச்சேன்."

அறையில் எழுந்த இரைச்சலில் மின்விசிறிச் சத்தம் காணாமல் போனது. இறந்தவர்களின் வீட்டாரில் ஒருவர் "அடப்பாவி" என்றார். வக்கீல் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"செருப்பைக் கொண்டுவந்து வச்சவரு, சங்கிலியைக் கொண்டுவந்து மாட்டியிருக்க மாட்டாரா?"

"நியாயமான சந்தேகம்," என்றார் எக்ஸ்ரே. பையிலிருந்து ஏழு படங்களையும் எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். கேமராவின் மெமரி கார்டையும் பக்கத்தில் வைத்தார். "இதெல்லாம் என்கிட்ட இருந்துச்சு. இல்லைன்னு இந்த வக்கீலம்மாகிட்டப் பொய் சொன்னேன். செருப்பு இல்லாத நாலு படம் வெளிய வந்தா என் குட்டு உடைஞ்சுடும்னு பயம். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா என் வார்த்தையை நம்பச் சொல்லி நான் இங்க வரலை. நீங்க என்னை நம்பவே வேண்டாம். கடைசிப் படத்தை மட்டும் பாருங்க."

அதிகாரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முப்பத்தேழாம் படத்தை எடுத்தார். "இதுல சங்கிலியே இல்லையேப்பா."

"இல்லைங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டு வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. ஆனா கதவு நடுவுல பாருங்க."

கறுத்துப் போன கதவின் குறுக்கே, கைப்பிடியிலிருந்து கைப்பிடிக்கு, வளைந்த கோடாகப் பச்சைப் பெயின்ட் தெரிந்தது. கண்ணி கண்ணியாக. நடுவில் உள்ளங்கையளவு ஒரு சதுரம். புகை வந்த நேரத்தில் சங்கிலி இருந்த இடத்தில் மட்டும் புகை படியவில்லை. பூட்டுத் தொங்கிய இடத்திலும் படியவில்லை.

"தீ அணைஞ்ச பிறகு நான் சங்கிலி மாட்டியிருந்தா, அதுக்கு அடியிலயும் கரி இருக்கணும் சார்," என்றார் எக்ஸ்ரே. "புகை வரும்போதே சங்கிலி அங்க இருந்துச்சு. உள்ள பதினோரு பேர் தட்டும்போது இருந்துச்சு."

வக்கீல் படத்தைத் தொடாமல் தள்ளியிருந்தே பார்த்தார். "கம்ப்யூட்டர்ல எதை வேணும்னாலும் வரையலாம். பொய் சொன்னதா இவரே ஒத்துக்கிட்டாரு. இந்தப் படத்துக்கு என்ன மதிப்பு? அந்தக் கதவு இருந்தா காட்டட்டும்."

"கதவு இருக்கு."

காலர்க்காரி எழுந்து நின்றிருந்தாள்.

"கழட்டின அன்னைக்கே வண்டி பின்னாடி போனேன் ஐயா. பழுது பாக்குறோம்னாங்க. அவங்க பழுது பாக்குற லட்சணம் எனக்குத் தெரியும். என் மிஷினுக்கு ஒரு பெல்ட்டு மாத்தவே ஆறு மாசம் ஆச்சு. இவ்வளவு அவசரமா எதைப் பழுது பாக்குறாங்கன்னு சந்தேகம். நேரா எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கிற பழைய இரும்புக் கடையில இறக்கினாங்க. பெரிசுங்கிறதால இன்னும் அறுக்கல, சுவர்ல சாத்தி வச்சிருக்காங்க. தினமும் வேலை தேடப் போறப்ப ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போவேன்."

"இத்தனை நாள் ஏம்மா சொல்லலை?" என்றார் வக்கீலம்மா.

"கதவு எங்க இருக்குன்னு யாருமே கேக்கலையேம்மா. எல்லாரும் செருப்பைப் பத்தித்தானே கேட்டீங்க?"

அதிகாரி மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பிறகு வண்டியை எடுக்கச் சொன்னார்.

கதவு சாய்ந்தபடியே இருந்தது. அதன்மேல் தகரத் துண்டுகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றை விலக்கியதும் பச்சைக் கோடு தெரிந்தது, வெயிலில், கண்ணி கண்ணியாக. காலர்க்காரி கிட்டே போய், தொடாமல், விரலை ஒரு அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் வளைவைத் தொடர்ந்தாள். கம்பெனி வக்கீல் ஃபோனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார்.

அறிக்கை வர நாலு மாதம் ஆனது. "கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தது" என்று அதில் இருந்தது. அந்த மூன்று சொல்லை ஏழாம் பக்கத்தில், வெங்காய விலைக்குக் கீழே, பத்திரிகை போட்டது. எக்ஸ்ரே செருப்பு வைத்த கதையை அதற்கு முன்பே முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். விருது கொடுத்தவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பட்டியலிலிருந்து பெயரை அடித்தது; எதையும் தொடாதே என்பது அவர்கள் சட்டம், அடித்தது சரிதான். மேனேஜர்மேல் வழக்கு நடக்கிறது. முதலாளி ஜாமீனில் இருக்கிறார்.

எக்ஸ்ரே இப்போது பாஸ்போர்ட் படம் மட்டும் எடுக்கிறார். சுரங்கவாசல் மறுபடியும் சுவரில் ஏறிவிட்டது. அதன் சட்டத்தில் ஒரு நூலைக் கட்டி, பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருக்கிறார்.

ஒரு காலை காலர்க்காரி வந்தாள். இந்தத் தடவையும் உட்காரவில்லை. அவள் பார்வை நூலில் தொங்கிய கண்ணாடிமேல் போனது. எடுத்து, படத்தின்மேல் வைத்து, வெகுநேரம் பார்த்தாள். ஊசித் துளையில் நூல் கோக்கிற கண் அது.

"ஷூ காஞ்சிருக்கே," என்றாள்.

"ஆமாம்மா."

"பூட்டு நனைஞ்சிருக்கு."

"பூட்டு நெஜம்."

அவள் கண்ணாடியை மெதுவாக விட்டாள். அது நூலில் ஆடி நின்றது. "அந்த வெறுங்கதவுப் படம் பதினோரு காப்பி வேணும்ணே. வீட்டுக்கு ஒண்ணு. கோர்ட்டுக்குப் போறப்ப ஆளாளுக்குக் கையில இருக்கணும்."

"சாயங்காலம் வாங்கிக்கலாம்."

"இல்ல, இருந்தே வாங்கிக்கிறேன்." அவள் மேசையைச் சுற்றி வந்து அவருக்குப் பின்னால், கணினித் திரை தெரிகிற இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எதையும் சேர்க்காம இருக்கீங்களான்னு பாக்கணும்."

உள்ளேயிருந்து மனைவியின் சிரிப்புக் கேட்டது. "நல்லாப் பாரும்மா. எனக்கும் சேத்துப் பாரு."

எக்ஸ்ரே நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார், அவளுக்குத் திரை மறைக்காமல். பிறகு முப்பத்தேழாம் படத்தைத் திறந்தார்.